மாக்கல்லில் முட்டுக்கல்: வீட்டுப் புத்தக அலமாரிக்கு ஒரு ஜோடி செய்யும் முறை

புத்தகங்கள் சாயாமல் தாங்கும் முட்டுக்கல்லாக, யானை முகம் செதுக்கிய கல் ஜோடி ஒன்றை ஆசையாக வாங்கி வந்து புத்தக வரிசையின் இரு முனையிலும் வைப்பார்கள். பத்து நாள் போனால் வரிசை மெல்லச் சாய்ந்து, யானையைத் தள்ளிக்கொண்டே போய் அலமாரி ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். தும்பிக்கையில் ஒரு குறையும் இருக்காது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் மெத்தென்று ஒரு ஃபெல்ட் துணி ஒட்டியிருக்கும். ஃபெல்ட் கீறல் விழாமல் நகர்த்துவதற்காக ஒட்டுவது. நகரவே கூடாத பொருளுக்கு அதை ஒட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

நூலக அறைக்கு வரும் எந்தக் கல் வேலைப்பாட்டிலும் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு பரப்புகள்: பலகையில் உட்காரும் அடி, புத்தகத்தைத் தொடும் முதுகு. முகப்பு அதற்கப்புறம். இந்த வரிசையில் யோசித்தால் கடையில் வாங்கும்போதும் ஏமாற மாட்டீர்கள், கையால் செய்யும்போதும் வீணடிக்க மாட்டீர்கள்.

பலகை தாங்குமா

கல்லின் எடையைத் தராசு இல்லாமலே சொல்லிவிடலாம். கருங்கல், மார்பிள், மாக்கல் மூன்றுமே கன செ.மீ.க்கு ஏறத்தாழ 2.7 கிராம். அரை லிட்டர் பால் பாக்கெட் அளவுள்ள கல் 1.35 கிலோ இருக்கும். நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி, வந்ததை 2.7ஆல் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் கிலோ.

புத்தகமும் லேசான பொருள் இல்லை. நெருக்கி அடுக்கிய வரிசை ஓர் அடிக்கு 8 முதல் 12 கிலோ வரும். வழவழப்பான ஆர்ட் தாளில் அச்சான கனத்த புத்தகங்கள் என்றால் அதற்கும் மேல். மூன்றடிப் பலகை ஒன்று ஏற்கெனவே 30 கிலோவைச் சுமந்துகொண்டிருக்கிறது. அதன் நடுவில் கல்லை வைப்பது நல்லதில்லை. பரவலாக இருக்கும் சுமை பலகையை எவ்வளவு தொய்ய வைக்குமோ, அதே எடை நடுவில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அதைப்போல் 1.6 மடங்கு தொய்ய வைக்கும். பக்கச் சுவரை ஒட்டி வைத்தால் தொய்வு கிட்டத்தட்ட இல்லை. இரண்டு தாங்கிகளுக்கு இடையிலான நீளம் இரண்டு மடங்கானால், அதே சுமைக்குத் தொய்வு எட்டு மடங்கு. ஆகவே 18 மி.மீ. பார்ட்டிக்கிள் போர்டு அலமாரியில் தாங்கிகளுக்கு நடுவே 2 அடிக்கு மேல் இருந்தால், கல்லைப் பற்றி யோசிக்கும் முன் நடுவில் ஒரு தாங்கி கொடுங்கள். அதே கனத்தில் பிளைவுட் என்றால் இரண்டரை அடிவரை பொறுக்கும்.

தலைக்கு மேலே உள்ள தட்டில் கல் வேண்டாம். வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்துச் சின்ன வீடுகளில் புத்தக அலமாரி இருக்கும் கூடத்தில்தான் இரவில் பாய் விரிப்பார்கள். இடுப்புக்குக் கீழே உள்ள தட்டுகள்தான் கல்லுக்கு உரிய இடம்.

கல் எது, உண்மையானதா

வீட்டில் கைக்கருவியால் செய்ய மாக்கல் மட்டுமே ஏற்றது. கல்சட்டி செய்கிறார்களே, அதே கல். நகத்தால் அழுத்தினாலே கோடு விழும் அளவுக்கு மென்மை. கருங்கல்லின் கடினம் வேறு ரகம். அதற்குப் பழகிய கையும் பட்டறையும் வேண்டும். அது வேண்டுமென்றால் மாமல்லபுரத்தில் செய்யச் சொல்லி வாங்குங்கள். கிரானைட் கடையில் மிஞ்சிய சமையல் மேடைத் துண்டை வீட்டில் கிரைண்டர் வைத்து அறுக்கப் பார்ப்பது தப்பு. அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது.

மாக்கல் தூசியையும் லேசாக எண்ண வேண்டாம். சில மாக்கற்களில் ஆஸ்பெஸ்டாஸ் வகை நார்க்கனிமம் கலந்திருக்கும். உடைந்த பக்கத்தில் நார் நாராகப் பிரியும் வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்தக் கல்லையே விட்டுவிடுங்கள். மற்ற கல்லானாலும் நனைத்துக்கொண்டேதான் வேலை செய்ய வேண்டும், என்95 முகக்கவசத்தோடு.

வாங்கும்போது மூன்று சோதனைகள். முதலில், கல்லை ஒரு கையில் தூக்கிப் பிடித்துச் சின்னச் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். கணீர் என்றால் முழுக்கல். டொக் என்றால் உள்ளே விரிசல். அடுத்து, தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டுக் காய விடுங்கள். கல் முழுக்க வெளுத்த பிறகும் ஒரு கோடு மட்டும் கறுப்பாகவே நின்றால், நாளை அந்த இடத்தில்தான் பிளக்கும்.

மூன்றாவது, முடித்த பொருளாக வாங்குகிறவர்களுக்கு. கருங்கல் என்று சொல்லி விற்கும் சிற்பத்தின் அடியில், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் அது மை ஏற்றிய மாக்கல் அல்லது வார்ப்பு. அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் மார்பிள் வகை. பிசின் வார்ப்போ என்று சந்தேகம் இருந்தால் எடை பார்க்கலாம்: ஊருக்குப் போகும் பெட்டியை எடை பார்க்கும் தொங்கு தராசில் கட்டித் தொங்கவிட்டு ஓர் எடை, அப்படியே வாளித் தண்ணீரில் முழுக மூழ்கவிட்டு ஓர் எடை. காற்றில் 3.2 கிலோ, தண்ணீரில் 2 கிலோ என்றால் வித்தியாசம் 1.2. முதல் எடையை இதனால் வகுத்தால் 2.67. அது கல். 2.3க்குக் கீழே வந்தால் சிமென்ட்டோ கல்தூள் கலந்த பிசினோ உள்ளே இருக்கிறது. உள்ளே குடைந்த பொருளென்றால் குடைவுக்குள் காற்றுக் குமிழி தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கணக்கு மாறிவிடும்.

ஐந்து படி முட்டுக்கல்

முதல் வேலைக்குச் சரியான வடிவம் படிக்கட்டு. கோயில் குளத்துப் படி மாதிரியும் இருக்கும், கொலுப்படி மாதிரியும் இருக்கும். நேர்க்கோடுகள் மட்டுமே என்பதால் ரம்பமும் அரமும் போதும். எடையும் கீழேயே குவிந்து நிற்கும், எளிதில் கவிழாது. கொலுவுக்கு ஒற்றைப்படை என்பதால் நாமும் ஐந்தாகவே வைத்துக்கொள்வோம்.

தேவையானவை: 15 செ.மீ. உயரம், 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் இரண்டு மாக்கல் கட்டிகள். ஒவ்வொன்றும் 4 கிலோ இருக்கும், முடிந்தபின் இரண்டரைக் கிலோவுக்கு வரும். பழைய மரம் அறுக்கும் ரம்பம் ஒன்று (புதியதை எடுக்காதீர்கள், பல் மழுங்கிவிடும்), தட்டை அரம், முக்கோண அரம், மூலைமட்டம், ஸ்டீல் ஸ்கேல், பென்சில், 120, 220, 400, 600 எண் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தலா இரண்டு தாள், 3 மி.மீ. கார்க் ஷீட், ஃபெவிகால் எஸ்.ஆர். மாதிரி ரப்பர் பசை, நிறமில்லாத மெழுகு பாலிஷ். ஹேக்ஸா எதற்கும் கையில் இருக்கட்டும். ஆனால் பெரிய வெட்டுக்கு அது உதவாது, பாதியிலேயே அதன் சட்டம் கல்லில் இடிக்கும்.

ஒரே கட்டியிலிருந்து இரண்டு படிக்கட்டையும் பல்லோடு பல் பொருந்த வெட்டி எடுக்கலாமே என்று காகிதத்தில் வரைந்து பார்த்தால் தோன்றும். கணக்குப்படி 12 செ.மீ. நீளக் கட்டி போதும். கையில் முடியாது. உள்மூலையில் ரம்பம் திரும்பாது.

வேலை செய்ய மொட்டை மாடி நல்லது. காலையிலேயே தொடங்குங்கள். மதியம் கடற்காற்று எழும்பியதும் தெறிக்கும் சேறு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பக்கத்து மாடியில் வடகமோ கருவாடோ காய்ந்தால் உறவே கெட்டுவிடும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் நான்காக மடித்த ஈரச் சாக்கு, அதன்மேல் கல். சாக்கு கல்லை நழுவ விடாது.

*அடியும் முதுகும்.* படியில் கை வைக்கும் முன் இந்த இரண்டு பரப்பையும் முடித்துவிட வேண்டும். ஒரு கனமான கண்ணாடித் துண்டையோ கிரானைட் டைலையோ சமமாகக் கிடத்தி, அதன்மேல் 120 எண் வாட்டர் பேப்பரை ஈரத்தோடு ஒட்டவிடுங்கள். கல்லின் அடியில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, எட்டு போடுவதுபோல் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். கோடு மறையாமல் மிஞ்சும் இடம் பள்ளம். கடைசிக் கோடும் மறையும்வரை தேய்த்தால்தான் அடி சமம். பலகைமேல் வைத்து நான்கு மூலையிலும் விரலால் அழுத்திப் பாருங்கள், லேசாக ஆடினாலும் மறுபடி தேய்க்க வேண்டும்.

பிறகு முதுகு. மூலைமட்டத்தை அடியில் வைத்து முதுகைப் பாருங்கள். துல்லியமாக 90 பாகை வராவிட்டால் எந்தப் பக்கம் தவறலாம் என்பது முக்கியம். முதுகின் மேல்நுனி புத்தகத்தின் பக்கமாக ஒரு மி.மீ. சாய்ந்தால் பரவாயில்லை. வெளிப்பக்கமாகச் சாய்ந்தால் அந்தச் சாய்வில் முதல் புத்தகம் படுக்கும், அதன்மேல் அடுத்தது படுக்கும். வரிசை நகர்வது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

*குறிப்பது.* இரண்டு பக்கவாட்டிலும் முதுகிலிருந்து அளந்து குறியுங்கள். ஒவ்வொரு படியும் 3 செ.மீ. உயரம், 2 செ.மீ. அகலம். கீழ்ப்படி முழு 10 செ.மீ. வரும். அடுத்தடுத்து 8, 6, 4. மேல்படி 2. படிகளின் வெளிமுனைகளைத் தொட்டுக்கொண்டு ஒரு சாய்கோடு போடுங்கள்: உச்சியில் முதுகிலிருந்து 2 செ.மீ. தள்ளித் தொடங்கி, முன்பக்கத்தில் அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் முடியும்.

*சாய்வெட்டு.* முதலில் இந்தச் சாய்கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே ஒரே வெட்டாக அறுத்து முக்கோணத் துண்டைக் கழற்றிவிடுங்கள். படிகளை ஒவ்வொன்றாக மேலிருந்து அறுத்தால் பத்துப் பன்னிரண்டு செ.மீ. ஆழ வெட்டுகள் வரும், ரம்பம் கோணிக்கொள்ளும். சாய்வெட்டு போட்டபின் ஒவ்வொரு படிக்கும் 3 செ.மீ., 2 செ.மீ. என்று குட்டி வெட்டுகள்தான் மிச்சம். அறுக்கும் முன் கோட்டின்மேல் சுற்றிலும் முக்கோண அரத்தால் 5 மி.மீ. ஆழத்துக்கு ஒரு தடம் போடுங்கள். ரம்பம் அந்தத் தடத்தை விட்டு விலகாது. ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை தண்ணீர். மாவு பல்லில் அடைத்துக்கொண்டால் ரம்பம் வழுக்கும், அறுக்காது. அப்போது அழுத்தம் கொடுக்காமல் கழுவிவிட்டுத் தொடருங்கள்.

கடைசி ஒரு செ.மீ.யில் ஒருவர் கழலப்போகும் துண்டைக் கையில் தாங்கிக்கொள்ள வேண்டும். விட்டால் அது தன் எடையிலேயே முறிந்து, கீழ்ப்படியின் விளிம்பையும் பெயர்த்துக்கொண்டு போகும். கழன்ற முக்கோணத்தை எறியாதீர்கள். 1.2 கிலோ வரும் அந்தத் துண்டில்தான், கடைசியில் படிக்கட்டின் பக்கவாட்டில் போடும் கோலத்தைக் கீறிப் பழகப்போகிறோம்.

*படிகள்.* கீழ்ப்படியிலிருந்து மேலே போங்கள். உச்சிப்படி வெறும் 2 செ.மீ. கனம். அதை முதலில் வெட்டிவிட்டால், கீழே அறுக்கும் அதிர்ச்சியில் அது உடையும். ஒவ்வொரு படியிலும் முதலில் நிற்கும் வெட்டு, பிறகு படுக்கும் வெட்டு. இரண்டுமே உள்மூலைக்கு ஒரு மி.மீ. முன்னால் நிற்கட்டும். மிச்சத்தை அரத்தால் எடுங்கள். ரம்பம் மூலையைத் தாண்டிப் போனால் விழும் கோடு ஆழமானது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பக்கவாட்டில் கண்ணுக்கு நேராகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

எல்லாப் படியும் வெட்டியதும் தட்டை அரத்தால் சமன்செய்து, வெளிவிளிம்புகளை ஒரு மி.மீ. சரித்துவிடுங்கள். கத்திமுனை போல விட்டால் ஒரு கனத்த புத்தகம் இடித்தாலே சில்லு தெறிக்கும்.

*தேய்ப்பது.* 120, 220, 400, 600 என்று வரிசையாக, எல்லாம் தண்ணீரோடு. ஓர் எண்ணையும் தாண்டாதீர்கள். ஈரத்தில் கல் வழவழவென்றுதான் தெரியும். 120ன் கீறல் காய்ந்து மெழுகு போட்ட பிறகு வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஒவ்வோர் எண் முடிந்ததும் கல்லையும் சாக்கையும் கழுவுங்கள், இல்லாவிட்டால் பழைய மணல் புதிய தாளின் கீழ் புகுந்து கோடு போடும். அடிப்பக்கத்தை மட்டும் 120லேயே நிறுத்திவிடுங்கள். பசை பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும்.

கழுவுகிற தண்ணீரில் ஒரு விஷயம். கடற்கரையை ஒட்டிய காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் கடைசியாகக் கழுவிய கல், காய்ந்த ஒரு வாரத்தில் வெள்ளை பூத்து நிற்கும். மெழுகுக்கு அடியில் பூத்தால் துடைக்கவும் முடியாது. வேலை முழுக்க போர் தண்ணீரில் செய்தாலும், கடைசி இரண்டு அலசல் மெட்ரோ தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ இருக்கட்டும். சேற்றை வாளியில் தெளிய விட்டு, தண்ணீரை மட்டும் கொட்டி, வண்டலைக் காகிதத்தில் பொதிந்து குப்பையில் போடுங்கள். மாடிக் குழாயில் ஊற்றினால் மழைக்காலத்தில் தெரியும்.

*மெழுகு.* நிழலில் இரண்டு நாள் காயட்டும். பிறகு வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துச் சூடேற்றி, மெல்லிய துணியால் மெழுகு பாலிஷைத் தேய்த்து, பத்து நிமிடம் விட்டுத் துடைத்தெடுங்கள். இரண்டு முறை போதும். சாம்பல் நிறம் கருமைக்கு மாறுவதைக் கண்முன் பார்க்கலாம், இந்த வேலையில் அதுதான் சுகம். அடியிலும் முதுகிலும் மெழுகு படக்கூடாது. இரண்டிலும் காகித டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

மாக்கல்லுக்கு எண்ணெய் பூசுவது வழக்கம்தான், கல்சட்டியைப் பழக்குவதும் எண்ணெயில்தான். நூலகத்துக்கு வரும் கல்லுக்கு மட்டும் எண்ணெய் கூடாது. கல் ஏற்றுக்கொள்ளாத எண்ணெய் மெல்ல முதல் புத்தகத்தின் அட்டைக்குப் போகும். காகிதம் குடித்த எண்ணெயை எடுக்க வழியே இல்லை. தேங்காய் எண்ணெய் என்றால் பிசுபிசுத்துத் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

*கோலம்.* மெழுகு போட்டபின் கீறினால் கோடு வெளிர்நிறத்தில் நிற்கும், கறுத்த தரையில் மாக்கோலம் மாதிரி. முன்பே கீறிவிட்டால் மெழுகு கோட்டுக்குள்ளும் போய் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். ஆகவே இதுதான் கடைசி வேலை.

அலமாரியில் வைக்கும்போது நம்மைப் பார்ப்பது படிக்கட்டின் பக்கவாட்டு. கோலம் அங்கே வர வேண்டும். இடது முனைக் கல்லுக்கு ஒரு பக்கவாட்டு, வலது முனைக் கல்லுக்கு எதிர்ப் பக்கவாட்டு. அனேகமாக எல்லோரும் முதல் ஜோடியில் சறுக்குவது இங்கேதான். இரண்டு கல்லையும் ஒரே மாதிரி பிடித்துக்கொண்டு ஒரே பக்கத்தில் கீறிவிடுவார்கள், அலமாரியில் வைத்தால் ஒன்றின் கோலம் சுவரைப் பார்க்கும். முதுகோடு முதுகாகக் கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்தி, நடுவில் நாலு புத்தகம் வைத்து, உங்களுக்கு எதிரே தெரியும் பக்கங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட பிறகு கருவியை எடுங்கள்.

மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளிச் சிக்குக்கோலம் அளவாக அமையும். புள்ளிக்குப் புள்ளி 2 செ.மீ., மொத்தம் 6 செ.மீ. சதுரம். முதுகை ஒட்டிய கீழ்ப்பகுதியில், அடியிலிருந்து ஒரு செ.மீ. விட்டு வரைந்தால் படிகளின் எந்த விளிம்பிலும் இடிக்காது. புள்ளிகளை 3 மி.மீ. ட்ரில் பிட்டைக் கையாலேயே திருகி 2 மி.மீ. ஆழத்துக்குக் குடையுங்கள், மெஷின் வேண்டாம். கோட்டை முதலில் கூர்மையான ஆணியால் மெல்லத் தடம்போட்டு, பிறகு முக்கோண அரத்தின் முனையால் மூன்று நான்கு தடவை அதே தடத்தில் இழுத்து ஆழமாக்குங்கள். ஒரே இழுப்பில் ஆழம் எடுக்கப் பார்த்தால் வளைவில் கருவி தடம் புரண்டு, புள்ளியைத் தாண்டி ஒரு கோடு இழுத்துவிடும். அப்படி நேர்ந்தால் அந்தப் பக்கத்தை மறுபடி 220லிருந்து தேய்க்க வேண்டியதுதான். கீறுவதில் எழும் தூளை வாயால் ஊதாமல் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

அடியில் என்ன ஒட்டுவது

ரப்பர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதிலுள்ள எண்ணெய்ச் சத்து நாளடைவில் வார்னிஷ் பலகையில் பழுப்புக் கறையாக இறங்கும். சிலிக்கான் பசை கல்லிலேயே ஈரக்கறை போல ஒரு வளையம் விடும். கார்க்கில் இந்த வம்பு இல்லை. அடி அளவைவிடச் சுற்றிலும் 2 மி.மீ. குறைத்து வெட்டி, கல்லிலும் கார்க்கிலும் பசை தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுப் பொருத்துங்கள். இரவு முழுக்க நிற்க வைத்திருந்தால் கல்லின் எடையே அழுத்திக்கொடுக்கும்.

சோதிக்க அதே தொங்கு தராசு. கல்லைச் சுற்றிக் கயிறு கட்டி, சன்மைக்காமேல் வைத்துப் படுக்கைவாட்டில் இழுங்கள். எந்த எடையில் நகர்கிறது என்று ஒட்டும் முன்பும் பின்பும் பார்த்தால் கார்க்கின் வேலை எண்ணாகவே தெரியும். ஒட்டிய பிறகும் ஒரு கிலோவுக்குள் நகர்ந்தால் பலகையில் தூசி அல்லது மெழுகுப் பிசுக்கு இருக்கிறது, துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். இந்த இரண்டரைக் கிலோ ஜோடி ஒன்றரை அடிக்குச் சாதாரணப் புத்தகங்களை நேராக நிறுத்தும்.

அகராதி, சட்டப் புத்தகம், ஆர்ட் தாள் புத்தகம் போன்ற கனத்த வரிசைக்குக் கல்லின் எடையை நம்ப வேண்டாம், புத்தகத்தின் எடையையே பயன்படுத்துங்கள். மண்ணடி இரும்புக் கடைகளில் 16 கேஜ் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகட்டை 10 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டி வாங்கி, 8 செ.மீ.யைக் கல்லுக்கு அடியில் அரால்டைட்டால் ஒட்டுங்கள். மிச்சம் 12 செ.மீ. நாக்குப் போல நீண்டு புத்தகங்களுக்கு அடியில் போகும். வரிசை தள்ளத் தள்ள அதே வரிசை நாக்கை மிதித்துக்கொண்டு நிற்கும். இதற்குக் கார்க் வேண்டாம், கீறாமல் இருக்க அடியில் ஒரு தாள் ஒட்டினால் போதும். நாக்கின் மூலைகளை உருட்டி, விளிம்புகளை அரத்தால் மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அட்டையின் அடியைச் சீவிவிடும். சாதா இரும்புத் தகடு மலிவு என்று போகாதீர்கள். இந்தக் கடற்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது, துரு புத்தகத்துக்கும் இறங்கும். உடைந்த கல்லை ஒட்டும்போது உள்ளே வைக்கும் ஊசிக்கும் இதே விதி: எஸ்.எஸ். அல்லது பித்தளை. இரும்பு ஊசி துருப்பிடித்துப் பருத்து, ஒட்டிய கல்லை உள்ளிருந்தே பிளக்கும்.

ஏ.சி. அறையில் வியர்க்கும் கல்

ஏ.சி. போட்ட அறையில் இரவெல்லாம் இருந்த கல் 23, 24 பாகைக்குக் குளிர்ந்திருக்கும். காலையில் ஜன்னலைத் திறந்ததும் ஈரமான கடற்காற்று அதன்மேல் படும். பலகையும் புத்தகமும் சீக்கிரம் சூடாகிவிடும், கல் மெல்லத்தான் சூடாகும். அந்த நேரத்தில் அதன்மேல் பனி போல நீர் பூக்கும். முதுகை ஒட்டி நிற்கும் புத்தகத்தின் அட்டை அந்த ஈரத்தை வாங்கிப் பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் முதல் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் பச்சைப் புள்ளி. முதுகிலும் 3 மி.மீ. கார்க் ஒட்டலாம். அது பிடிக்காவிட்டால் கல்லை ஒட்டி நிற்கும் முதல் புத்தகம் பழைய பஞ்சாங்கமாகவோ போன வருட டைரியாகவோ இருக்கட்டும். ஏ.சி.யை நிறுத்திய அரை மணி நேரம் கழித்து ஜன்னலைத் திறப்பதும் உதவும்.

சுவரில் மாட்டும் புடைப்புச் சிற்பம்

30 செ.மீ. சதுரம், 3 செ.மீ. கனம் என்றால் 7.3 கிலோ. மண்ணடி, ராயபுரம் பழைய வீடுகளில் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருப்பார்கள். அந்தச் சாந்தில் ஸ்க்ரூ பிடிக்காது, பூச்சைச் சுரண்டிப் பார்த்துச் செங்கல்லின் நடுவில் துளை போடுங்கள். நாலரை இஞ்சுத் தடுப்புச் சுவரில் கல்லே வேண்டாம். மழைக்கு ஓதம் ஏறும் சுவரிலும் வேண்டாம், உப்பு கல்லுக்குள் ஏறும். எங்கே மாட்டினாலும் எடையைக் கீழிருந்து இரண்டு எஸ்.எஸ். எல் கிளாம்ப் தாங்க வேண்டும். மேலே உள்ள கொக்கி முன்னால் விழாமல் பிடித்துக்கொள்ள மட்டும். உண்மையைச் சொன்னால், புத்தக அறையில் இதைவிட அலமாரியின் அடித்தட்டில் சாய்த்து வைத்த சிற்பமே அழகு.

செய்யச் சொல்லி வாங்குவதென்றால்

சிற்பியிடம் படத்தோடு நான்கு விஷயங்களையும் எழுதிக் கொடுங்கள்: கல்லின் பெயர், முடிந்த எடை, அடியும் முதுகும் மட்டம் பார்த்துத் தேய்த்திருக்க வேண்டும், எண்ணெயும் கறுப்புச் சாயமும் வேண்டாம். கடைசியை வாய்விட்டுச் சொல்லாவிட்டால் பளபளக்கப் பூசித்தான் கொடுப்பார்கள், அது அவர்கள் பார்வையில் மரியாதை.

உருவத்துக்கு வெளியே தேட வேண்டியதில்லை. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் ஆதிபுரீசுவரர் சன்னதியின் விமானம் தூங்கானை மாட வடிவம், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கற்பணி. ஒரு முனை நேர், மறுமுனை யானையின் பின்புறம் போல அரைவட்டம். நேர்ப்பக்கம் புத்தகத்துக்கு, வளைந்த பக்கம் வெளியே. முட்டுக்கல்லுக்கென்றே யோசித்தது போல இருக்கும். 14 செ.மீ. உயரத்துக்கு மேல் கேட்காதீர்கள். உயரம் கூடினால் எடை மேலே ஏறிக் கவிழப் பார்க்கும். கலசத்தைத் தனியாகச் செய்து ஒட்டச் சொல்லாமல் அதே கல்லில் தட்டையாக எடுக்கச் சொல்லுங்கள். அலமாரியில் முதலில் உடைவது எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம்தான்.

துடைப்பது

மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தூசியில் நறநறப்பு இருக்கும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் அதுவே உப்புத்தாள் ஆகி மாக்கல்லைக் கீறும். இரண்டு இஞ்சுப் பெயின்ட் பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு மேல்படியிலிருந்து கீழே தட்டிவிடுங்கள், பிறகு பிழிந்த ஈரத் துணி. புளி, எலுமிச்சை, ஆசிட் எதுவும் கூடாது. பித்தளை விளக்குக்குப் பழகிய கை புளியைத் தேடும், மார்பிள் என்றால் ஒரே தடவையில் பளபளப்பு போய்விடும். போகியன்று புகை படிந்தால் குழந்தைக் குளியல் சோப்பு கரைத்த நீர் போதும். வருடத்துக்கு ஒருமுறை மெழுகு பூசும்போது கோலக் கோட்டில் இறங்காமல் துணியை விரலில் இறுக்கச் சுற்றிக்கொண்டு தேயுங்கள். இறங்கிவிட்டால் அதே முக்கோண அரத்தால் ஒரு இழுப்பு, கோடு மறுபடி வெளுத்துவிடும்.